வலியைத் தொடாத மாத்திரை

ஆட்டோ நிற்பதற்கு முன்பே அதற்குள்ளிருந்து சண்டை இறங்கிவிட்டது.

"கம்பெனியிலதான் என்னத்தையோ குடுத்திருக்கீங்க. காலையில நல்லாத்தானே போனா என் பொண்ணு!"

"நாங்க என்னம்மா குடுப்போம்? ஊசியும் நூலும் குடுப்போம். அதையும் எண்ணித்தான் குடுப்பான் எங்க முதலாளி."

முதலில் கத்தியவள் தாய். பதில் சொன்னவள் சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கும் பெண்களை மேய்ப்பவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே ஆட்டோவில் ஏறி வந்திருந்தாள். மேஸ்திரி அக்கா என்பதைத் தவிர அவளுக்கு வேறு பெயர் இருப்பதாகவே யாருக்கும் தெரியாது. இருவருக்கும் நடுவில், கட்டவிழ்ந்த துணி மூட்டையைப் போல ஓர் இளம்பெண் சரிந்து கிடந்தாள். அவளை அள்ளித் தூக்கி இறக்கியவன் அவளுடைய அண்ணன். காக்கிச் சட்டை, அகன்ற தோள், பேருந்து ஓட்டுநர்.

அவசர சிகிச்சைப் பிரிவின் பயிற்சி டாக்டர் ஸ்ட்ரெச்சருக்கு முன்னால் ஓடினாள். அவள் எதிலும் அப்படித்தான். பெரிய டாக்டர் அவளுக்கு வைத்த பெயர் அவசரக்குடுக்கை. நர்சுகள் அதைச் சுருக்கிக் குடுக்கை ஆக்கிவிட்டார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஆமை என்று பெயர். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் நடையை மாற்றிக்கொண்டதில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்று குடுக்கை கேட்டாள்.

"வெயிலு டாக்டரம்மா. வெயில் தாங்காம மயங்கிட்டா. மாத்திரை கீத்திரை எதுவும் போடல" என்றாள் தாய்.

மாத்திரையைப் பற்றி யாரும் கேட்கவே இல்லையே! குடுக்கைக்கு உள்ளுக்குள் ஒரு மணி அடித்தது. தாயை ஓரமாக நகர்த்திவிட்டுப் படுக்கைக்கு அருகே குனிந்தாள். பெண் கண் திறந்துதான் இருந்தாள். முகம் வெளுத்திருந்தது. வலது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. வாய்க்குள் எதையோ ஒதுக்கி வைத்திருந்தாள்.

"வாயில என்ன?"

"மிட்டாய் டாக்டர். தலை சுத்துதுன்னு சொன்னா, நான்தான் போட்டேன். வழியில ஒரு ஜூஸும் வாங்கிக் குடுத்தேன். அதுக்கப்புறம்தான் கண்ணையே தொறந்தா" என்றான் அண்ணன். அவன் சட்டைப் பையில் இன்னும் இரண்டு மூன்று மிட்டாய்க் காகிதங்கள் எட்டிப் பார்த்தன.

"நல்லா இருக்கே! தொண்டையில சிக்கினா என்ன பண்றது?" என்று அதட்டிக்கொண்டே பெரிய சிஸ்டர் மிட்டாயை விரலால் தோண்டி எடுத்துப் போட்டாள். பிறகு சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவியை எடுத்து, பெண்ணின் விரல் நுனியைப் பிடித்தாள்.

"நடுவுல குத்தாதீங்க சிஸ்டர்" என்றான் அண்ணன். தங்கையின் விரலை வாங்கி லேசாகத் திருப்பிக் கொடுத்தான். "ஓரத்துல குத்துங்க. நடுவுல குத்துனா தொடுறப்பல்லாம் வலிக்கும். இவ பொத்தான் தைக்கிற கை."

"பாசமலர்தான் போ" என்றாள் சிஸ்டர். ஆனாலும் ஓரத்திலேயே குத்தினாள். கருவி சரியான அளவைத்தான் காட்டியது. குடுக்கை ஒரு மூச்சு விட்டாள்.

"இப்ப நீ சொல்லு. உங்கம்மாவைப் பார்க்காத, என்னைப் பாரு. என்ன சாப்பிட்டே?"

பெண் தாயைத்தான் பார்த்தாள். பிறகு சன்னமாகச் சொன்னாள். "பல்லு வலி டாக்டர். நேத்துலேர்ந்து சோறு இறங்கல. லீவு கேட்டா, ஆர்டர் முடியட்டும்னு சொல்லிட்டாங்க. அண்ணன் இடுப்பு வலிக்கு மாத்திரை போடும். அந்த பாட்டிலை எடுத்துட்டுப் போயிட்டேன். முதல்ல ஒண்ணு போட்டேன். குறையல. மிஷின்ல உக்காந்து இன்னும் ரெண்டு போட்டேன். அப்புறம்... எண்ணல டாக்டர். வலி கொஞ்சம்கூட குறையவே இல்ல. அதான் போட்டுக்கிட்டே இருந்தேன்."

"அத்தனையை எப்படிம்மா முழுங்கினே?"

"சின்னதுதானே. காலர் பொத்தான் அளவுதான். தண்ணிகூட வேணாம்."

தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, இதைப் போய் இங்க வந்து சொல்றியேடி! டாக்டரம்மா, அவ சாகணும்னு முழுங்கல. வெளியில தெரிஞ்சா ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவாங்க. போலீஸ் வேற வருமாமே?"

"அம்மா, பல்லு வலிக்கெல்லாம் போலீஸ் வராது. கொஞ்சம் சும்மா இருங்க" என்ற குடுக்கை, அண்ணன் பக்கம் திரும்பினாள். "அந்த பாட்டில் எங்க?"

"காலியாயிடுச்சு டாக்டர். அவ மிஷின் மேல கிடந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "வலி மாத்திரைதான். சிவப்பு மூடி போட்ட பாட்டில் இருக்கும்ல, எல்லாக் கடையிலயும் விக்கிறதே, அதுதான். டிரைவர் வேலைக்கு வந்தா முதல்ல போறது இடுப்புதானே."

குடுக்கைக்கு மனம் லேசானது. சிவப்பு மூடி மாத்திரை அவளுக்குப் பழக்கமானது. அளவுக்கு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும். ஆனால் மெதுவாகத்தான் கெடுக்கும். ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, தேவையானால் மாற்று மருந்து கொடுத்துவிடலாம். ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாள். சொல்ல வேண்டியதையெல்லாம் மனத்துக்குள் கோர்த்துக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

"அம்மா பொய் சொன்னாங்க சார். உடனே கண்டுபிடிச்சிட்டேன். பொண்ணு உண்மையைச் சொல்லிட்டா."

"உண்மையா?"

"நல்ல நினைவோட, தானா சொன்னா சார். பொய் சொல்ற முகமே இல்ல."

"பொய் சொல்றான்னு நான் சொல்லலையே." கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அவ முழுங்கினது என்னன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"பாட்டில்லேர்ந்துதானே சார் எடுத்தா!"

"அப்ப அவளுக்குத் தெரிஞ்சது பாட்டில். சரி போ, பக்கத்துலயே இரு. சர்க்கரையை மறுபடியும் பாரு."

"அது சரியாத்தானே சார் இருந்துச்சு?"

"மிட்டாயும் ஜூஸும் போட்டா எனக்குக்கூடச் சரியாத்தான் இருக்கும்."

ஆமை பேச்சு என்று நினைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

வார்டில் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நேர்கீழே படுத்திருந்த பெண்ணின் நெற்றி முடி ஈரத்தில் ஒட்டிக்கிடந்தது. தலையணை நனைந்திருந்தது. தாயின் முகத்தில் வியர்வை இல்லை, மேஸ்திரி அக்கா முகத்திலும் இல்லை. பெண்ணின் விரல்கள் போர்வையின் மேல் எதையோ தைப்பது போல நடுங்கின.

"என்னம்மா, குளிருதா?"

"கட்டிங் மாஸ்டர் வந்துட்டாரா?" என்றாள் பெண். கண்கள் குடுக்கையைத் தாண்டி எங்கோ பார்த்தன. "இன்னும் ரெண்டு டஜன் இருக்கு."

குடுக்கை திரும்பிக் கத்தினாள். "சிஸ்டர்! சர்க்கரை!"

சிஸ்டர் குத்தினாள். கருவி ஓசை எழுப்பியது. "முப்பத்தெட்டு" என்றாள்.

"அது நல்லதா, கெட்டதா?" என்று தாய் கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த சில நிமிடங்கள் எப்படிப் போயின என்று குடுக்கைக்குத் தெரியவில்லை. நரம்பில் ஊசி ஏறியது. குளுக்கோஸை மெதுவாக அழுத்தினாள். இமைகள் அசைந்தன. பெண் விழித்து, சுற்றிப் பார்த்து, "அக்கா, என் மிஷினை யாராவது மூடினீங்களா?" என்று கேட்டாள்.

"உன் மிஷினைத் தூக்கிக் குப்பையில போட! உசிரை வாங்கிட்டியேடி" என்று மேஸ்திரி அக்கா அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு எல்லோருக்கும் டீ வாங்கப் போனாள்.

குளுக்கோஸ் பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது. குடுக்கைக்கு விடை கிடைத்துவிட்டது. நேற்றிலிருந்து சாப்பாடு இல்லை. வெறும் வயிறு. சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? எவ்வளவு எளிது!

டீ வந்தது. அக்கா ஒரு குவளையை அண்ணனிடம் நீட்டினாள். "குடி தம்பி. சக்கரை தூக்கலாப் போட்டிருக்கான். தெம்பு வரும்."

"வேணாம்க்கா. எனக்கு இனிப்பே பிடிக்காது." அவன் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுந்து போனான்.

தாய்க்கு நிலைகொள்ளவில்லை. "அவதான் எழுந்து உக்காந்துட்டாளே டாக்டரம்மா. வீட்டுக்கு அனுப்பிடுங்க. அக்கம்பக்கத்துல விசாரிக்க ஆரம்பிச்சுடுவாங்க."

"ஆமா டாக்டர்" என்றான் அண்ணன். "இது இவ்வளவுதான். இனிப்பு ஏதாவது போட்டா எழுந்துடும், அப்புறம் ஒண்ணும் இல்ல. நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கறேன். நாளைக்கு முதல் வண்டி எனக்கு, டெப்போவுல வேற சொல்லணும்."

பெண்ணும் கெஞ்சினாள். மூன்று பேரும் மூன்று பக்கமிருந்து நெருக்கினார்கள். அடுத்த நோயாளியின் அலறல் வாசலில் கேட்டது. சர்க்கரை இப்போது நன்றாக ஏறியிருந்தது. ரத்த முடிவு வந்ததும் அனுப்பிவிடலாம் என்று குடுக்கை விடுவிப்புச் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள். பாதி எழுதும்போது ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தது.

"வலி மாத்திரை அளவு கேட்டிருந்தீங்களே டாக்டர். துளிகூட இல்ல. ரெண்டு தடவை பாத்துட்டோம்."

"துளிகூடவா? அந்தப் பொண்ணு பாட்டிலையே காலி பண்ணியிருக்கா!"

"அப்ப பாட்டிலைத்தான் நீங்க விசாரிக்கணும்."

அவள் தொலைபேசியை வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். பெண் மறுபடியும் தலையணையில் சாய்ந்திருந்தாள். மேலே குளுக்கோஸ் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. நெற்றி முடி மீண்டும் ஈரமாக ஒட்டியிருந்தது. விரலைக் குத்திப் பார்த்தாள், சர்க்கரை மறுபடியும் சரிந்திருந்தது.

அவள் ஓடிய ஓட்டத்தில் பெரிய டாக்டரின் கதவு சுவரில் மோதியது. "சார், மறுபடியும் இறங்குது! குளுக்கோஸ் ஏறிக்கிட்டே இருக்கு, ஆனா இறங்குது! ரத்தத்துல வலி மாத்திரையே இல்ல. நான் வீட்டுக்கு அனுப்ப இருந்தேன் சார். சீட்டு பாதி எழுதிட்டேன்."

ஆமை அன்று வேகமாக நடந்தார்.

படுக்கைக்கு வந்ததும் நாடி பார்த்தார், இமையை விலக்கிப் பார்த்தார், குளுக்கோஸைக் கூட்டச் சொன்னார். பெண் மீண்டும் கண் திறந்தாள். சிஸ்டரை அவள் பக்கத்திலேயே உட்கார வைத்து, "கண்ணை எடுக்காதீங்க. தூங்க விடாதீங்க. பல்லைப் பத்தியாவது பேசிக்கிட்டு இருங்க" என்றார். பிறகு தாய், அண்ணன், மேஸ்திரி அக்கா மூவரையும் பக்கத்திலிருந்த கட்டுப் போடும் அறைக்கு அழைத்தார். பஞ்சு உருளைகளும் கத்தரிக்கோல்களும் நிறைந்த சின்ன அறை. உட்கார ஒரே ஒரு முக்காலி. அதில் தாயை உட்கார வைத்தார்.

"அந்தப் பொண்ணு இன்னும் தப்பிக்கல" என்றார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "ஊத்துற குளுக்கோஸை உள்ள இருக்கிற ஒண்ணு தின்னுக்கிட்டே இருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா, அலுப்புல தூங்குறான்னு போர்வையைப் போத்தியிருப்பீங்க. அவ எழுந்திருக்கவே மாட்டா."

தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாப்பிடாததால சக்கரை இறங்கிடுச்சுன்னு எங்க டாக்டரம்மா நெனச்சாங்க. தப்பில்ல. ஆனா பசியா இருந்தா ஒரு தடவை குளுக்கோஸ் போட்டதும் தீந்துபோகும். ஆரோக்கியமான சின்ன வயசு உடம்பு. ஏத்த ஏத்த இறங்குதுன்னா அது பசி இல்ல, மருந்து. சக்கரை வியாதிக்குப் போடுற மாத்திரை."

"எங்க கம்பெனியில அதெல்லாம் கிடையாது சார்!" என்று அக்கா படபடத்தாள். "முதலுதவிப் பொட்டியில ஒரு பஞ்சும், மூடி இல்லாத தைலமும் இருக்கு. அவ்வளவுதான்."

"உங்க மேல சந்தேகம் இல்ல. கம்பெனிக்கு வர்றப்பவே அவ முதல் மாத்திரையைப் போட்டாச்சு. நீங்க லீவு குடுத்திருந்தா இவ்வளவு முழுங்கியிருக்க மாட்டா. அது வேற விஷயம்."

அக்கா கழுத்து நாடாவைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"எங்க வீட்டுல யாருக்கும் சக்கரையே கிடையாது டாக்டர்" என்றாள் தாய். "எனக்குப் பாத்தாங்க, இல்ல. இவனுக்கு வருஷா வருஷம் டெப்போவுலயே பாக்குறாங்க."

"உங்களுக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்றீங்கம்மா. உங்க பொண்ணும் தனக்குத் தெரிஞ்சதைத்தான் சொன்னா. இந்த விஷயத்துல அவ ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லல. அவ சொன்ன எல்லாத்தையும் நாங்கதான் ஒழுங்காக் கேக்கல." பெரிய டாக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து மேசையில் வைத்தார். நீளமாக, தடிமனாக இருந்தது. "சிவப்பு மூடி பாட்டில்ல இருக்கிறது இது. மருந்தறையிலேர்ந்து வாங்கிட்டு வரச் சொன்னேன். மேஸ்திரியம்மா, பொத்தான் கணக்குல இது எவ்வளவு இருக்கும்?"

அக்கா எட்டிப் பார்த்தாள். "கோட்டுப் பொத்தான் சார்."

"காலர் பொத்தான்?"

"காலர் பொத்தான் இதுல கால்வாசிதான். எங்க பொண்ணு தூக்கத்துலகூட அளவு மாத்திச் சொல்ல மாட்டா."

குடுக்கையின் காதுக்குள் அந்தக் குரல் திரும்பக் கேட்டது. சின்னதுதானே. தண்ணிகூட வேணாம். கேட்டாளே! இந்தக் காதால்தான் கேட்டாள்.

"அதைவிடப் பெருசா ஒண்ணு சொன்னா" என்றார் பெரிய டாக்டர், அவள் பக்கம் திரும்பி. "என்ன சொன்னா?"

"வலி கொஞ்சம்கூட குறையவே இல்லைன்னு சொன்னா சார்." அவள் மேசை மேலிருந்த மாத்திரையைப் பார்த்தாள். "வலி மாத்திரை அத்தனை போட்டா, பல் சொத்தையே ஆனாலும் கொஞ்சமாவது அடங்கியிருக்கணும். அடங்கலைன்னா, அது வலி மாத்திரையே இல்ல."

"ஆக, அண்ணன் பாட்டில்ல இருந்தது இடுப்பு வலி மாத்திரை இல்ல."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் கதவோரமாக நின்றுகொண்டிருந்தான். "கடைக்காரன் மாத்திக் குடுத்திருப்பான் சார்" என்றான். "எனக்கு என்ன தெரியும்?"

"இருக்கலாம்" என்றார் பெரிய டாக்டர் அமைதியாக. "அப்படின்னா மாத்திக் குடுத்த மாத்திரையை நீங்களும் தினமும் போட்டு மயங்கி விழுந்திருக்கணும். நீங்க விழல. குடுக்கை, நீ இவரைக் காலையிலேர்ந்து பாக்குற. என்ன பாத்த?"

முதன்முறையாகக் குடுக்கை அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"இனிப்பே பிடிக்காதுன்னு டீயை வேணாம்னு சொன்னார் சார். ஆனா சட்டைப் பை நிறைய மிட்டாய். இனிப்பு பிடிக்காதவர் மிட்டாயோட எதுக்குச் சுத்தணும்? திடீர்னு சக்கரை இறங்கினா வாயில போட்டுக்க. தங்கச்சிக்குத் தலை சுத்துதுன்னதும் முதல்ல அதைத்தான் செஞ்சார். அவருக்குப் பழக்கமான வைத்தியம் அது. முப்பத்தெட்டுன்னு சிஸ்டர் சொன்னப்ப அது நல்லதா கெட்டதான்னு அம்மாவுக்குத் தெரியல. யாரும் சொல்றதுக்கு முன்னாடியே இவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அப்புறம்..." அவள் நிறுத்தினாள். அது அவளுக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது. "ஓரத்துல குத்துங்கன்னார். நடுவுல குத்துனா வலிக்கும்னு, தினம் குத்திக்கிற ஆளுக்குத்தானே தெரியும்?"

"தம்பி" என்றார் பெரிய டாக்டர், "உங்க விரலைக் காட்டுங்க."

அவன் கைகள் மூடியிருந்தன. இந்த அறைக்குள் வந்ததிலிருந்தே அவை மூடித்தான் இருந்தன என்பது குடுக்கைக்கு இப்போது நினைவுக்கு வந்தது.

"கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனா இதைக் கேட்டுக்கோங்க. சக்கரை மாத்திரையில ரெண்டு மூணு வகை இருக்கு. ஒரு வகைன்னா அதை அடக்க எங்ககிட்ட ஊசி இருக்கு. இன்னொரு வகை ரத்தத்தைப் புளிக்க வைக்கும், அதுக்கு வேற வைத்தியம், வேற ஆஸ்பத்திரி. ரெண்டும் கலந்த மாத்திரையும் இருக்கு. எதுன்னு உடம்பைப் பார்த்து நான் கண்டுபிடிக்கிறதுக்குள்ள பொழுது போயிடும். மிட்டாய் போட்டா எழுந்துடும்னு நெனச்சீங்க. உங்களுக்கு அப்படித்தான் சரியாகும், ஏன்னா நீங்க போடுறது ஒண்ணு. அவ போட்டது ஒரு பாட்டில்."

சுவருக்கு அந்தப் பக்கம் சிஸ்டரின் குரல் கேட்டது. "ஏய், தூங்காத. கண்ணைத் தொற. எந்தப் பல்லுன்னு சொல்லு பாப்போம்." பதில் வரவில்லை. "சொல்லும்மா, எந்தப் பல்லு?"

அண்ணன் கைகளை விரித்தான்.

இடது கையின் விரல் நுனிகளில், ஓரங்களில், மிளகாய் விதை முனையளவு கறுத்த புள்ளிகள் அடுக்கடுக்காக இருந்தன. தாய் முக்காலியிலிருந்து எழுந்து அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, அல்லது எல்லாம் புரிந்துவிட்டது. "எத்தனை நாளாடா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் காக்கிக் கால்சட்டைப் பையிலிருந்து சிவப்பு மூடி பாட்டிலை எடுத்து நீட்டினான். தூக்கிப் போடவில்லை. உள்ளே பஞ்சுக்கு அடியில் ஒரே ஒரு மாத்திரை மிச்சம் இருந்தது. சின்னது, வட்டம், காலர் பொத்தான். அதன் பெயரையும் எவ்வளவு வீரியம் என்பதையும் அவன் தடங்கலில்லாமல் சொன்னான். எத்தனை நாள் மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்த பெயரோ!

"கலப்பு எதுவும் இல்லையே?"

"இல்ல சார். இது ஒண்ணுதான்."

"ஊசி" என்றார் பெரிய டாக்டர். அவர் சொல்லி முடிக்கும் முன் குடுக்கை மருந்தறைக்குப் பாதி வழி போயிருந்தாள்.

அந்த ஊசி போட்டபின் சர்க்கரை உடனே நிமிர்ந்துவிடவில்லை. ஒருமுறை தயங்கியது, கொஞ்சம் இறங்கியது. குடுக்கை கருவியையே முறைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த முறை இறங்கவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. குளுக்கோஸைக் குறைத்தபோதும் நின்ற இடத்திலேயே நின்றது. வெளியே வெயில் சாய்ந்து, வார்டின் சுவரில் ஜன்னல் கம்பிகளின் நிழல் நீண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்குத் தன் கால்கள் வலிப்பது தெரிந்தது.

வராந்தாவில் பெரிய டாக்டரும் அண்ணனும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் போனபோது அவன் பேசிக்கொண்டிருந்தான்.

"டெப்போவுல தெரிஞ்சா ஸ்டீயரிங்கைத் தொட விட மாட்டாங்க சார். ஷெட்டுல பஸ் கழுவப் போட்டுருவாங்க. அதான் சக்கரை மாத்திரையைச் சிவப்பு மூடி பாட்டில்ல மாத்திப் போட்டு, இடுப்பு வலின்னு சொல்லி வெச்சேன். டிரைவருக்கு இடுப்பு வலின்னா யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க. பரிசோதனைக்குப் போற அன்னிக்கு மட்டும் முன்னாடியே சோத்தைக் குறைச்சுக்குவேன். வீட்டுலயும் அதையே சொன்னேன். அம்மா என்னைக்காவது வாய் தவறிச் சொல்லிட்டா என்ன பண்றது?"

"இன்னிக்கு அவ மூச்சு நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவன் தூணில் சாய்ந்துகொண்டான். "முதல்லயே சொல்லியிருக்கணும் சார். எழுந்துட்டா, எழுந்துட்டான்னு ஒவ்வொரு தடவையும் நெனச்சேன். சொல்லாமலே தப்பிச்சுடலாம்னு..." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "போன வாரம் சிக்னல்ல பச்சை விழுந்துச்சு சார். எனக்குத் தெரியல. பின்னாடி ஹாரன் அடிச்சப்புறம்தான், நான் எங்க இருக்கேன்னே தெரிஞ்சுது. பஸ் நிறைய ஆளு."

பெரிய டாக்டர் அவன் பக்கம் நன்றாகத் திரும்பினார். "உங்க டெப்போவுக்கு நான் ஓடிப்போய்ச் சொல்லப் போறதில்ல. ஆனா நாளைக்கு முதல் வண்டியை நீங்க எடுக்கக் கூடாது. நீங்களே போய்ச் சொல்லணும். சக்கரையை ஒழுங்கா வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டுறவங்க இருக்காங்க. மறைச்சுக்கிட்டு ஓட்டத்தான் முடியாது. வைத்தியத்துக்கு நான் சீட்டு எழுதித் தர்றேன்."

அவன் தலையாட்டினான். பிறகு உள்ளே போனான். குடுக்கையும் பின்னால் போனாள்.

பெண் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தாய் அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி அக்கா ஆர்டரை நினைத்துக்கொண்டோ வேறெதையோ நினைத்துக்கொண்டோ ஜன்னலோரம் அமைதியாக நின்றிருந்தாள். அண்ணனைக் கண்டதும் பெண்ணின் முகத்தில் குற்ற உணர்வு தெரிந்தது.

"உன் மாத்திரையை எல்லாம் நானே காலி பண்ணிட்டேன்ணா. உன் இடுப்பு வலிக்கு இனிமே என்ன பண்ணுவே?"

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, தாயைப் பார்த்து, மறுபடியும் தங்கையைப் பார்த்தான்.

"எனக்கு இடுப்பு வலியே கிடையாதும்மா" என்றான்.

அவள் புரியாமல் விழித்தாள். யாரும் விளக்கவில்லை. அதற்கு நிறைய நேரம் இருந்தது. பிறகு அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, யாரையும் குறிப்பிடாமல், கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள். "பல்லு இன்னும் வலிக்குது."

காலையிலிருந்து இத்தனை ஊசி, இத்தனை ரத்தம், இத்தனை கேள்வி. அவள் எதற்காக வலி மாத்திரையைத் தேடினாளோ அதை மட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை. பெரிய சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரிய டாக்டர் குடுக்கையைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

குடுக்கை மருந்தறைக்கு ஓடவில்லை, நடந்தாள். மாத்திரை அட்டையை அப்படியே கொண்டுவந்து, பெயர் தெரியும்படி பெண்ணிடம் காட்டினாள். அவள் கண்முன்னாலேயே ஒன்றைப் பிதுக்கி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர்க் குவளையை அண்ணன் நீட்டினான்.

பெண் மாத்திரையைப் புரட்டிப் பார்த்தாள். கட்டைவிரலால் அதன் விளிம்பைத் தடவினாள்.

"கோட்டுப் பொத்தான்" என்றாள்.